பால் பத்தலன்னுதான் வந்தோம்

உக்காருங்கக்கா. பைய எடுத்துட்டேன், தாராளமா உக்காருங்க. அந்த ஓரத்துல வேணாம், பெஞ்சுக்குக் கால் ஆடுது. இப்படி வாங்க. புள்ளையப் பாத்துத் தயங்குறீங்களா? அழமாட்டான். இப்பத்தான் புட்டிப்பால் குடிச்சான். என் மகன்தான், மித்ரன்னு பேரு.

இந்தா எதுத்தாப்புல சாத்தியிருக்குல்ல கதவு, இதுக்குள்ளதான் என் பொண்டாட்டி இருக்கா. நான் வெளிய இருக்கேன். ஏன்னு கேளுங்க. வெளிய போகச் சொல்லிட்டாங்கக்கா. கட்டுன புருசன வெளிய போங்கன்னுட்டாங்க. பஸ்ஸேத்திக் கூட்டியாந்தவன் நானு, சீட்டுப் போட வரிசையில நின்னவன் நானு, அவளுக்கு என்ன செய்யுதுன்னு ஆதியிலருந்து தெரிஞ்சவன் நானு. அவ வாயே தொறக்க மாட்டா. தொறக்காத வாய உள்ள வச்சுக்கிட்டு, பேசுற வாய வெளிய போங்கன்னா, யார்கிட்டக்கா விவரம் கேப்பாங்க?

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. என் தங்கச்சி வயசுதான் இருக்கும். உள்ள போய் உக்காந்ததும் “உங்க பேரென்னம்மா”ன்னாங்க. பாண்டிமீனான்னேன். “எந்த ஊரு?” சின்னமனூருக்குப் பக்கம்னேன். “என்னம்மா செய்யுது?” பால் பத்தல டாக்டர், தூக்கமும் கிடையாதுன்னேன். பேனாவ மேசையில வச்சுட்டு என்னையப் பாத்தாங்க பாருங்க. “பாண்டிமீனா நீங்களா?”ன்னாங்க. நக்கல்தான, வேறென்ன? படிச்சவங்கன்னு பொறுத்துக்கிட்டேன். கேட்டா பதில் சொல்லணும்ல? அவ சொல்லல, நான் சொல்றேன். இதுல என்ன தப்பு? “புள்ளையத் தூக்கிட்டுக் கொஞ்சம் வெளிய இருங்க”ன்னாங்க. அந்தக் கொஞ்சம்தான் இது. ரெண்டு டீ குடிச்சிட்டேன்.

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? தம்பிக்கா? புருசனுக்கா? ம். சரி, சொல்ல வேணாம், எனக்குத் தெரியும், எல்லாத்தையும் வெளிய சொல்லிக்கிற எடமா இது. மனநலப் பிரிவுன்னு போட்டிருக்க போர்டப் பாத்தீங்கள்ல? இந்தப் போர்டுக்குக் கீழ உக்காந்திருக்கேன்னு எங்கூர்க்காரன் எவனாச்சும் பாத்தா என்ன ஆகும்? அதுக்குத்தான் தூணுக்கு மறைவா உக்காந்திருக்கேன். எங்களுக்கு அந்த மாதிரியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நாங்க பால் பத்தலன்னுதான் வந்தோம்.

நான் மைக் செட் வச்சிருக்கேன். வீருசின்னம்மாள் ஆடியோஸ். கம்பம் ரோட்டுல எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழான்னாலும் நம்ம ஸ்பீக்கர் பாக்ஸ்தான் நிக்கும். செட்டு மட்டுமில்ல, பேசுறதும் நானே. பொண்ணு மாப்பிள்ளையப் பத்திச் சொல்லி வரவேற்பேன், மொய் எழுதுற எடத்தச் சொல்லுவேன், காணாமப் போன புள்ளையக் கண்டுபிடிச்சுக் குடுப்பேன். கூட்டம் எம்புட்டு இருந்தாலும் நாக்கு பெரளாது. செல்லப்பாண்டி பேசுனா சாமியே நின்னு கேக்கும்னு பூசாரி சொல்லுவாரு. அப்பேர்ப்பட்டவன் பொண்டாட்டி இப்படி ஊமையா வந்து வாச்சிருக்கா பாருங்க.

முன்னாடி ஊமை இல்ல. கல்யாணமான புதுசுல பேசுவா. நல்லாச் சிரிப்பா. எனக்குத்தான் கேக்க நேரம் இருக்காது, சீசன்ல வீட்டுக்கு வர்றதே பெரிய விசயம். மாசமா இருக்கும்போதுதான் ஆரம்பிச்சுச்சு. ஒரு நா சாப்பிட உக்காந்தவன்கிட்ட “மாமா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு”ன்னா. என்ன மாதிரின்னேன். “தெரியல, உள்ளுக்குள்ள யாரோ அழுதுக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு”ன்னா. புள்ளதான் உள்ள கெடந்து உருளுது, வேற யாருன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. எந்திரிச்சுப் போய்ப் பாத்திரம் வெளக்குனா.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இல்லக்கா. மாசா மாசம் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கேக்குறதுக்கெல்லாம் நான் டாண் டாண்னு பதில் சொல்லுவேன். சாப்பாடு எறங்கல, கால் வீங்குது, தூக்கம் கம்மி. “வேற ஏதும் தொந்தரவு இருக்கா?” ஒண்ணுமில்ல டாக்டர். அவ ஒரு தடவ ஏதோ சொல்ல வந்தா. டாக்டர் அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க. என்ன சொல்ல வந்தன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டா. பஸ்ஸும் வந்துருச்சு.

வளகாப்புக்கு நம்ம செட்டுதான். ஏழு வகைச் சோறு, ஊரெல்லாம் பந்தி. கன்னத்துல சந்தனத்தத் தடவுறாங்க, கைநெறைய வளையல், இவ பொலபொலன்னு அழுகுறா. பொம்பளைகளெல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க. நான் சும்மா விடுவேனா? மைக்க எடுத்து, “அன்பார்ந்த உறவினர்களே, தாய்வீடு போற சந்தோஷத்துல நம்ம பாண்டிமீனா ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாங்க”ன்னேன். எல்லாரும் கை தட்டிட்டாங்க. அந்த நேரத்துல அப்படி ஒண்ணு நம்மளத் தவிர யாருக்குக்கா வரும்? அவ என்னைய நிமிந்து பாத்தா. அதுக்கப்புறம் அழுகல.

புள்ள பொறந்தது அவங்க ஊர்ல, ஆண்டிபட்டிப் பக்கம். சுகப்பிரசவம்தான். ஒரு வாரம் கழிச்சு என் மாமியா போன் பண்ணி, “மாப்ள, இவ புள்ளைய எடுக்க மாட்டேங்கிறா, எடுத்துக் குடுத்தா வாங்கிக்கிறா, செவுத்தப் பாத்தே உக்காந்திருக்கா”ன்னு அழுதாங்க. அப்புறம் கொரலத் தாழ்த்தி, “வெளிய பால் பத்தலன்னு சொல்லியிருக்கேன்”னாங்க. நல்ல காரியம் பண்ணீங்க அத்தைன்னேன். நீங்களே சொல்லுங்கக்கா. பால் பத்தலன்னா எவன்கிட்ட வேணாலும் சொல்லலாம். டீக்கடையில சொல்லலாம். எம் பொண்டாட்டி செவுத்தப் பாத்து உக்காந்திருக்கான்னு சொல்ல முடியுமா? நாளைக்கு என் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கணும்.

சொன்னதுதான் தாமசம், ஊரே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சிருச்சு. பால் சுறா வாங்கிப் புட்டு அவிச்சாங்க. பூண்ட நெய்யில வதக்கிக் குடுத்தாங்க. முருங்கக்கீரை, வெந்தயக் களி, தண்ணிவிட்டான் கெழங்கு லேகியம். எல்லாத்தையும் தின்னா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்குப் பால் இருந்துச்சுக்கா, அது வேற விசயம். சேலையெல்லாம் நனைஞ்சு கெடக்கும். ஆனா ஒண்ணச் சொல்லிட்டா அதையே பிடிச்சுத்தானே போகணும்? சின்னமனூர்ல ஒரு டாக்டர், தேனியில ஒரு டாக்டர், குழந்தை டாக்டர் ஒருத்தர். எல்லார்கிட்டயும் பால் பத்தலன்னேன். எல்லாரும் பாலுக்குத்தான் பாத்தாங்க. ஒருத்தர் பவுடர் குடுத்தார், ஒருத்தர் டானிக் குடுத்தார், ஒருத்தர் டின்னுப் பால் எழுதிக் குடுத்தார். ஒருத்தராச்சும் அவ மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சாய்ங்களா? என்னத்தப் படிச்சுட்டு வர்றாய்ங்களோ.

இருங்க, இவன் நெளியுறான். என்னடா? இப்பத்தானடா குடிச்ச. ச்சூ, ச்சூ. நான் இம்புட்டு நேரம் தூக்கி வச்சதில்ல, அதான் அவனுக்கு வெளங்கல.

அவளையும் புள்ளையையும் எங்கூருக்குக் கூட்டியாந்தப்புறம், எங்கூர் நர்சம்மா ஒண்ணுதான் வீட்டுக்கு வந்து, அவகிட்ட உக்காந்து, “மனசுக்கு எப்படிம்மா இருக்கு, அழுகை வருதா?”ன்னு கேட்டுச்சு. எங்கம்மா அடுப்படியிலருந்தே, “அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா, நாங்க ஒரு வேலை வாங்குறதில்ல”ன்னு பதில் சொல்லிருச்சு. நர்சம்மா போகும்போது என்னைய வாசலுக்குக் கூப்பிட்டு, “இது பால் பிரச்சனை மாதிரி தெரியல, மனசு டாக்டர்கிட்டக் காட்டுங்க. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றதுதான், குணமாயிரும்”னுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. இருந்தாலும் கூட்டிட்டுப் போனேன்க்கா. போகாம இல்ல. தேனிக்கு வாரம் ஒருநா வந்து பாக்குற டாக்டர். பொழுதெல்லாம் காக்க வச்சு, அஞ்சு நிமிசம் பாத்து, மாத்திரை எழுதினார். பால் குடுக்கலாம், பயமில்ல, ஆனா விடாமப் போடணும்னார்.

மாத்திரையக் கொண்டுபோய் நம்ம மெடிக்கல்காரன்கிட்டக் காட்டுனேன். நம்ம கஸ்டமர்தான், அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நம்ம செட்டு. அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “அண்ணே, இது மூளைக்குப் போடுற மாத்திரை, புள்ளைக்கு எறங்கிரப் போகுது”ன்னான். எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அட்டைய வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்ருச்சு. ஒருத்தர் போடுங்கறார், ஒருத்தன் போடாதங்கறான். நான் எவன நம்புறது? அடுத்த தடவ போனப்ப டாக்டர், “ஒழுங்காப் போட்டாங்களா, எப்படி இருக்கு?”ன்னார். போட்டா சார், ஒண்ணும் கேக்கலன்னேன். இன்னும் கூட்டி எழுதினார். இதான் இவங்க வைத்தியம்.

அதுக்கப்புறம் எவனோ ஒரு நம்பர் குடுத்தான். போன்லயே பேசி சரி பண்ணுவாங்களாம். சரின்னு கடையிலருந்து அடிச்சேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு, தங்கமான கொரல். நான் எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, “அவங்ககிட்டப் போனக் குடுங்க சார், நான் அவங்களோட பேசணும்”னுச்சு. சரி, நாலு நல்ல வார்த்தை சொல்றத வீட்டுல எல்லாருமே கேக்கட்டும்னு, வீட்டுக்கு வந்து செல்போனச் சின்ன பாக்ஸுல மாட்டிவிட்டேன். எங்கம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுச் சித்தி எல்லாரும் சுத்தி உக்காந்தோம். “மீனா, இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?”ன்னு அந்தப் பொண்ணு கேக்குறது தெருமுக்கு வரைக்கும் கேக்குது, அம்புட்டு சுத்தமான சவுண்டு. இவ வாயத் தொறக்கணுமே. பேசு மீனா, பேசுன்னு போன அவ வாய்கிட்டக் கொண்டு போனேன். பாக்ஸுக்கு நேரா வந்ததும் கீச்சுன்னு கத்திருச்சு. மைக்க பாக்ஸுக்கு நேரா காட்டக் கூடாதுக்கா. அதோட சத்தமே அதுக்குள்ள திரும்பப் போயி கத்தும், வேற ஒண்ணும் கேக்காது. இவ காதப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எம்புட்டு முயற்சி எடுத்திருக்கேன் பாருங்க. அவ ஒத்துழைக்கணும்ல?

டேய், டேய். அழுகாதடா. அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுனாலும் நிறுத்த மாட்டேங்கிறானே. நீங்க வாங்கிக்கிறீங்களா? ம், பரவாயில்லயா? இந்தாங்க. இங்க நான் வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்க்கா. இங்க வர்றவங்க எப்படிப்பட்டவங்களோ, என்ன பண்ணுவாங்களோ, நமக்குத் தெரியுமா? உங்களப் பாத்தாலே தெரியுது. டீச்சரா இருப்பீங்க. அந்தக் கைப்பையும் கொடையும் டீச்சருங்கதான் வச்சிருப்பாங்க. அட, அடங்கிட்டானே. தோள்ல போட்டு முதுகத் தடவணுமா? எனக்கு இது தெரியாமப் போச்சே.

எங்க விட்டேன்? ஆங். போன வாரம்.

இத நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. உங்ககிட்டச் சொல்றேன். நீங்க வேற ஊரு, எந்திரிச்சுப் போயிருவீங்க. சாயங்காலம் கடைக்கு வந்தேன். கடைக்குப் பின்னாடிதான் வீடு. பின்னாடி ரூம்ல பழைய பேஸ் பாக்ஸ் ஒண்ணு கெடக்கும், ஸ்பீக்கரக் கழட்டிட்டு வெறும் பொட்டி. அதுக்குள்ளருந்து முனகல் கேக்குது. எலியோன்னு குனிஞ்சு பாத்தா, இவன். அடியில மெத்தையா அவ கல்யாணச் சேலைய மடிச்சுப் போட்டு, சுத்தித் தலகாணி குடுத்து, காத்து வர்ற மாதிரி வாய்ப்பக்கத்தத் தொறந்து வச்சுப் படுக்க வச்சிருக்கா. மூஞ்சியெல்லாம் தொடச்சு, பொட்டு வச்சு. அவளக் காணோம். எங்கம்மா ரேசன் கடைக்குப் போயிருக்கு.

ஓடுனேன்க்கா. எந்தப் பக்கம் ஓடுனேன்னு எனக்கே தெரியல. வாய்க்கால்ல அப்ப ரெண்டு கரையும் முட்டித் தண்ணி போகுது. பாலத்துக் கட்டையில உக்காந்திருக்கா. காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, தண்ணியப் பாத்துக்கிட்டு. எனக்குக் கூப்பிட வரல. பின்னாடியே போயிக் கையப் பிடிச்சேன். அவ திரும்பிப் பாத்துட்டு நிதானமாச் சொல்றா, “அவனப் பத்திரமா வச்சிட்டுத்தான் மாமா வந்தேன். எங்கிட்ட இருந்தா அவனுக்கு ஆகாது.” அன்னைக்குப் பயந்தேன்க்கா. இவ போயிட்டா நான் என்ன செய்வேன்? ஒண்ணும் செய்யத் தெரியாது எனக்கு. இவ இருக்கணும். எனக்கு வேறொண்ணும் வேணாம்.

அதுக்கப்புறம் எங்கம்மா சட்டம் போட்ருச்சு. புள்ள அவ கையில தனியா இருக்கக் கூடாது. பால் குடுக்கிற நேரம் குடுக்கணும், குடிச்சதும் வாங்கிறணும். எனக்கும் அதான் சரின்னு படுது. அவ ஒண்ணும் கேக்கல. வாங்கும்போது கைய மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருப்பா, புள்ள இருந்த மாதிரியே.

மறுநாளே நர்சம்மாகிட்டப் போயி நின்னேன். இந்தக் கெழமையில இந்த ஆஸ்பத்திரியில புள்ள பெத்தவங்களுக்குன்னே பாக்குறாங்க, போங்கன்னு சொல்லுச்சு. வந்தோம். வந்தா, என்னைய வெளிய போங்கறாய்ங்க. இம்புட்டும் நான்தானே சொல்லணும்? வாய்க்கால் விசயத்த அவ சொல்லுவாளா? பாக்ஸுல வச்சத அவ சொல்லுவாளா?

இருங்க. கேக்குதா? அழுகுற சத்தம். மீனாதான்க்கா அது. எத்தன மாசமாச்சு அவ சத்தம் போட்டு அழுது. வளகாப்புல கூடச் சத்தம் வரல. பாருங்க, வைத்தியம் பாருங்கன்னு கூட்டியாந்து விட்டா, அழ வைக்கிறாய்ங்க. நான் போயிக் கதவத் தட்டுறேன். என்னது? வேணாமா? ஏன் வேணாம்? இல்லக்கா, அவ அழுகும்போது எனக்கு... சரி. சரி, கையப் பிடிக்காதீங்க, உக்காந்துட்டேன்.

நின்னுருச்சு. பேச்சுச் சத்தம் கேக்குது. அவதான் பேசுறா. அது அவ கொரல்தான், எனக்குத் தெரியாதா? என்னக்கா பேசுவா இம்புட்டு நேரம்? எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல வராதே. அந்த டாக்டரம்மா பேசுறதே கேக்கலயே. அப்ப அவங்க என்னதான் வைத்தியம் பண்றாங்க?

தூங்கிட்டானா? உங்க தோள்லயே தூங்கிட்டானே. கை ராசி உங்களுக்கு.

ஏதோ கூப்பிடுறாய்ங்க. அடுத்து யாரோ சுந்தரவல்லியாம். அந்தம்மா கூப்பிடுறது இந்த முக்குக்குக் கூடக் கேக்கல, கொரலப் பாருங்க. நான் ஒரு கை குடுக்குறேன். சுந்தரவல்லி! சுந்தரவல்லி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக டாக்டர் அறைக்கு வரவும்! இப்பக் கேட்டிருக்கும். யாருன்னு தெரியல, எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க. ஆளக் காக்க வச்சுக்கிட்டு.

என்னக்கா?

நீங்களா?

யாருக்காகன்னு நான் அப்பவே கேட்டேனே. இல்ல, நீங்க சொல்ல வந்தீங்க, நான்தான்... இல்லக்கா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. இங்க வர்றவங்கன்னு பொதுவாச் சொன்னது. உங்களச் சொல்லல. இம்புட்டு நேரம் புள்ளைய நீங்கதான... நல்லாத்தான் தூங்குறான். குடுங்க, நான் வாங்கிக்கிறேன்.

இந்தா, கதவு தொறந்துருச்சு. மீனா. கண்ணெல்லாம் செவந்து போய்க் கெடக்கு. என்ன புள்ள சொன்னாங்க? அக்கா, அவகிட்டக் குடுக்காதீங்க, எங்கிட்டக் குடுங்க. எங்கம்மா சொல்லியிருக்கு, தனியா... அக்கா, சொல்றேன்ல. குடுத்துட்டீங்களே.

காதுல என்னக்கா சொன்னீங்க அவகிட்ட? எனக்கும் சொல்லுங்க. அக்கா. உள்ள போயிக் கதவச் சாத்திட்டாங்க.

மீனா, பாத்துப் பிடி. தலையத் தாங்கு. ஆமா, தோள்ல போட்டு... உனக்கு முன்னாடியே தெரியுமா அது? சரி. உக்காரு. அந்தக்கா காதுல என்ன சொன்னாங்க? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நீ என்ன சொன்ன? வாய்க்கால் விசயத்தச் சொன்னியா? மாத்திரை குடுத்தாங்களா? இந்தத் தடவ அரிசிப் பானையிலயெல்லாம் போட விடமாட்டேன், நான் பாத்துக்கிறேன். ஏன் புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? பசிக்குதா? பசியாத்தான் இருக்கும், காலையிலருந்து நீ ஒண்ணும் திங்கல. வா, வெளிய இட்லிக் கடை இருக்கு. தோசை வேணுமா? உனக்கு இட்லிதான் பிடிக்கும். ரெண்டு இட்லி...

என்னது?

பேசாம இருக்கணுமா? நானா?

சரி மீனா. இருக்கேன். எம்புட்டு நேரம்?